மாமாவின் படகில் தண்ணீர் புகுந்த விபரம்

கற்பிட்டி
வியாழக்கிழமை பின்னேரம்

பேரன்புமிக்க இஸ்ஸதீன் மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நடந்தவை எல்லாவற்றையும் நடந்தபடியே, எனக்குப் பாதகமானவற்றையும் சேர்த்து, இந்தக் கடிதத்தில் உண்மையாகப் பதிவு செய்வேன் என்பதை முதலில் அறியத்தருகிறேன். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் எல்லோரும் சுகம். கட்டாரில் உங்கள் சுகத்துக்கும் துஆச் செய்கிறோம். வாப்பாவின் முழங்கால் நோவு இப்போது குறைவு. உம்மாவுக்கும் ஒரு குறையுமில்லை, ஆனால் கடிதத்தின் நடுவில் உம்மாவைப் பற்றி வரும் இடத்தில் நீங்கள் கோபப்படக் கூடாது. என் கூடப்பிறந்தவரான ஜௌபர் நாநாவும் மிகவும் சுகம். அவர் கொஞ்சம் சுகமில்லாமல் படுத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை வந்திராது என்று ஒரு வரி எழுதினேன். சலாம் சொல்லித் தொடங்கிய கடிதத்தில் அப்படி எழுதுவது சரியில்லை என்று பட்டதால் அதை வெட்டிவிட்டேன். வெட்டியது உங்களுக்குத் தெரிந்தாலும் வாசிக்க வேண்டாம்.

நீங்கள் சனிக்கிழமை வருவதாக உம்மா சொன்னார். இந்தக் கடிதத்தை உங்கள் தலையணையின் மேல் வைப்பேன். நீங்கள் முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, இதை முழுவதும் வாசித்த பிறகுதான் முன்னறைக்குப் போய் அந்தச் சோற்று மூடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். நீங்கள் ஒட்டிய அந்த மாதிரிப் படகு அதற்குக் கீழேதான் இருக்கிறது. வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பலாமே என்று நீங்கள் கேட்கலாம். நான் அனுப்பிய ஒவ்வொரு குரல் பதிவிலும் நாநா பின்னால் நின்று இருமுவதும் சிரிப்பதும் "பொய், பொய்" என்று சொல்வதும் சேர்ந்தே பதிவாகிறது. அது போதாதென்று, அவர் என்னைக் கேட்காமல் படகைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பிவிட்டார். நீங்கள் அதற்குப் பதிலாக ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தீர்கள். மாமா, அந்தக் கேள்விக்குறியை நான் எத்தனையோ விதமாக வாசித்துப் பார்த்தேன். "இது என்ன?" என்றும் வாசிக்கலாம், "இது என்ட படகா?" என்றும் வாசிக்கலாம், "இதைச் செய்தது ஆர்?" என்றும் வாசிக்கலாம். எனக்கு அன்றைக்கு இராச்சாப்பாடு இறங்கவில்லை. உம்மா இடியப்பத்தைக் கோப்பையில் திருப்பித் திருப்பி வைத்துவிட்டு, "ஒரு வளைஞ்ச கோட்டுக்கு இந்தப் பாடா புள்ள?" என்று கேட்டார்.

போன தடவை லீவு முடிந்து வேனில் ஏறும்போது நீங்கள் சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது. "சப்னா, நான் ஒட்டி முடிச்ச இந்தப் போட்டுக்கு நீ பெயின்ட் அடிச்சு வை. நல்லா வந்தா எயார்பிரஷ் ஒனக்கு. வராட்டி ஜௌபருக்கு." இதைக் கேட்ட நாளிலிருந்து நாநா தன்னுடைய திரீவீலரின் பின்பக்கத்தில் எங்கே நெருப்புச் சுவாலை வரும், எங்கே கழுகு வரும் என்று சோக்கட்டியால் கோடு போட்டு வைத்திருக்கிறார். கழுகின் ஒரு கண்ணைக் கூட வரைந்துவிட்டார். எங்கள் வீட்டில் பொருட்களைப் பிரிக்கிற முறை உங்களுக்குத் தெரியும். மோட்டர் உள்ளது எல்லாம் நாநாவுக்கு, ஊசி உள்ளது எல்லாம் எனக்கு. தையல் மெசினுக்கு மோட்டர் பூட்டினபோது அதையும் தனக்குத்தான் என்று கேட்டவர் அவர். காற்றால் பெயின்டை ஊதித் தெளிக்கிற இந்த எயார்பிரஷுக்கு உள்ளே ஒரு ஊசி இருக்கிறது, பின்னால் ஒரு மோட்டரும் ஓடுகிறது. அதனால்தான் இது ஆருக்கு என்று வாப்பாவால்கூடத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. மாமா, எனக்கு அது வேண்டும். எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் ஏதாவது ஒன்று நன்றாக வரும். எனக்கு வாசிக்க மட்டும்தான் வரும். வாசிப்பதை ஆருக்கும் எடுத்துக் காட்ட முடியாது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். வீட்டோடு ஒட்டிய வாப்பாவின் டயர்க் கடைக் கொம்பிரசரில் நீங்கள் பூட்டித் தந்த குழாயை மாட்டி, நீங்கள் சொன்ன அளவுக்குக் காற்றைக் குறைத்து, சாம்பல் நிற எனாமலைத் தின்னர் விட்டுக் கரைத்து, லுஹர் தொழுகைக்கு வாப்பா கடையைச் சாத்தின நேரமாகப் பார்த்து, முதல் பூச்சு அடித்தேன். ஆரம்பத்தில் அது எவ்வளவு அழகாக வந்தது தெரியுமா, மாமா! அதிகாலைப் பனி மாதிரி வந்து படிந்தது. முன்பக்க அணியத்திலிருந்து பின்பக்கத்துக்கு வரும்போது எயார்பிரஷ் திடீரென்று தும்மியது. நான் கூட்டிச் சொல்லவில்லை, தும்மல் என்றால் தும்மலேதான். "ப்த்" என்று ஒரு சத்தம், உடனே ஒரு துளி, பிறகு இன்னொன்று. காய்ந்த பிறகு பார்த்தால் படகு முழுவதும் சின்னச் சின்ன வட்டம், ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவில் ஒரு பள்ளம். நாநா வந்து குனிந்து பார்த்துவிட்டு, "உம்மா, இஞ்ச வாங்க! மாமாட போட்டுக்கு அம்மை போட்டிரிக்கி. வேப்பிலை கட்டுங்க" என்று கத்தினார். அந்தப் படம்தான் உங்களுக்கு வந்த படம்.

சாண்ட் பேப்பரால் எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டு, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தேன். எங்கள் பாடப்புத்தகத்திலேயே விடை இருக்கிறது. வளியை அமுக்கினால் அது சூடாகும், பிறகு குளிரும்போது அதிலுள்ள நீராவி துளியாகும். நமக்கு ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் களப்பு. சோளகக் காற்று அடிக்கிற இந்த நாட்களில் உப்புப் போத்தலுக்குள் உப்பே கரைந்துபோய் நிற்கிறது. அந்த வளியைத்தான் கொம்பிரசர் மூச்சாக இழுக்கிறது. நான் சாப்பாட்டு நேரத்தில் இதை எல்லோருக்கும் விளங்கப்படுத்தி, "காரணம் சாரீரப்பதன்தான். கற்பிட்டியில சாரீரப்பதன் கூட" என்றேன். வளியில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதற்குப் புத்தகத்தில் உள்ள பெயர் அது. உம்மா கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு எழும்பினார்.

"ஆர்ட சாரி ஈரம்?"

"சாரி இல்ல உம்மா. சாரீரப்பதன்."

"அதத்தான் கேக்கிறன். கொடியில கிடந்தது றஹ்மா மாமிட கலியாணச் சாரி. அத நான் காய வெச்சுத்தானே எடுத்த?"

"உம்மா, இது காத்துல உள்ள ஈரம்!"

"காத்துல தானே காய வெச்ச!"

நாநா சிரித்துச் சிரித்துப் புரையேறி, வாப்பா அவர் முதுகில் தட்டி, கடைசியில் உம்மா அலுமாரியைத் திறந்து எல்லாச் சாரிகளையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துதான் சோறு போட்டார். அன்றிலிருந்து நாநா என்னைக் கூப்பிடுவதே சாரீரம் என்றுதான். திரீவீலரில் ஏறுகிறவர்களுக்கும் சொல்லியிருக்கிறார். நேற்று ஒரு ஆள் வாசலில் நின்று "சாரீரம் தங்கச்சி நீங்கதானா?" என்று கேட்டார்.

தண்ணீரை வழியில் மறித்துப் பிடிக்க ஒரு சாமான் பூட்ட வேண்டும், அதன் பெயர் வோட்டர் ட்ரப் என்று இன்டர்நெட்டில் வாசித்து அறிந்து, வாப்பாவிடம் வாங்கித் தரும்படி கேட்டேன். வாப்பா மரியநாயகம் அங்கிளின் ஹாட்வெயார் கடைக்குப் போய், "மகளுக்கு ஒரு வோட்டர் ட்ரப் வேணும்" என்று கேட்டிருக்கிறார். அங்கிள் ஒன்றும் யோசிக்காமல், கை கழுவுகிற பேசினுக்குக் கீழே பூட்டுகிற வெள்ளைப் பிளாஸ்டிக் வளைவை எடுத்துக் கொடுத்திருக்கிறார். வாப்பா அதைக் கொண்டுவந்து பெருமையோடு என் மேசையில் வைத்தார். அது எயார்பிரஷை விடப் பெரிசு. என் கை முழுவதும் அதற்குள்ளே போகும். நான் அதற்குள் கையை விட்டுப் பார்ப்பதைக் கண்டு வாப்பா, "என்ன மகள், நிறம் பிடிக்கல்லயா? கறுப்பும் இரிக்கி எண்டு செல்லினாரு" என்றார். நான் திருப்பிக் கொடுக்கப் போனபோது அங்கிள் மிகவும் வருத்தப்பட்டார். "பிள்ளை, காத்துக்குப் பூட்டுறதா? நான் உங்கட வீட்டு பேசின் ஒழுகுது எண்டெல்லோ நினைச்சன்" என்று சொல்லி, நீங்கள் எப்போது வருகிறீர்கள், கட்டாரில் வெயில் எப்படி, எல்லாம் விசாரித்தார். காற்றுக்குப் பூட்டுகிற சாமான் கொழும்பில்தான் எடுக்கலாமாம். அந்த வெள்ளை வளைவை அங்கிள் திருப்பி எடுத்துக்கொண்டார். ஆனால் வாப்பா அதற்கிடையில் எங்கள் பேசினைக் குனிந்து பார்த்திருக்கிறார். அது உண்மையாகவே ஒழுகிக்கொண்டிருந்தது. அதனால் அந்த வளைவு திரும்பவும் வீட்டுக்கு வந்து, இப்போது பேசினுக்குக் கீழே இருக்கிறது. இதுவரை நான் தீர்த்து வைத்த தண்ணீர்ப் பிரச்சினை அது ஒன்றுதான்.

பிறகுதான் கொம்பிரசரின் தாங்கிக்கு அடியில் ஒரு சின்ன ஆணி இருப்பதையும், அதைக் கழற்றி உள்ளே சேர்ந்த தண்ணீரை விட வேண்டும் என்பதையும் வாசித்தேன். வாப்பாவுக்குச் சொன்னேன். "அதத் தொடாத. காத்துப் போயிரும்" என்றார். "காத்துப் போனா திரும்ப வரும் வாப்பா" என்றேன். "நான் இந்தத் தொழிலுக்கு வந்த நாள்ல இருந்து அந்த ஆணி அங்கதான் இரிக்கி. அது ஆருக்கும் ஒரு கரச்சலும் குடுத்ததில்ல" என்றார். நான் ஒரு வாளியைக் கொண்டுபோய்க் கீழே வைத்தேன். கடைசியில் வாப்பாவே பிஸ்மில்லாஹ் சொல்லிக் குறட்டால் திருகினார். மாமா, அது தண்ணீர் இல்லை. பால் விடாத பிளேன்டீ. பீறிட்டு வந்து, வாளியில் பாதியை நிரப்பி, வாப்பாவின் சாரத்தையும் நனைத்தது. துரு வாசம் கடை முழுவதும் பரவியது. வாப்பா அந்த வாளியைக் குனிந்து பார்த்தார். பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, "இத வெளியில செல்லப்படாது மகள். இவ்வளவு காலமும் ஊர்ல உள்ள டயர் எல்லாத்துக்கும் நான் இதையா அடிச்சிரிக்கன்?" என்றார். உங்களுக்கு எழுதுவது வெளியில் சொல்வதாகாது என்று நினைக்கிறேன். நீங்கள் உம்மாவின் தம்பி.

அதோடு நிற்கவில்லை. குழாயைச் சுருட்டி ஐஸுக்குள் வைத்தால் மிச்ச ஈரமும் அங்கேயே துளியாகி நின்றுவிடும், அடிக்கும் முன் அதை ஊதித் தள்ளிவிடலாம் என்று ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதியிருந்தார். துறையடியில் மீன் ஐஸ் வைக்கிற ரெஜிபோம் பெட்டி ஒன்றை இரவல் வாங்கி, குழாயை அதற்குள் சுருட்டி வைத்தேன். அறை முழுவதும் கும்பளா மீன் வாசம். பூனைகள் ஜன்னலில் வந்து வரிசையாக உட்கார்ந்தன. ஆனால் பலன் இருந்தது! பழைய கலண்டர் மட்டையில் அடித்துப் பார்த்தேன். ஒரு துளி இல்லை, ஒரு தும்மல் இல்லை. சுத்தமான, மெல்லிய சாம்பல். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓடிப்போய் வுழூ செய்து இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு வந்து, படகுக்கு அடித்தேன். காய்ந்தது. பார்த்தேன். வட்டம், வட்டம், வட்டம்.

இங்கேதான் நான் மிகவும் பயந்துபோனேன், மாமா. அதே பெயின்ட், அதே காற்று, அதே கை. மட்டையில் வராத தண்ணீர் படகுக்கு மட்டும் எப்படி வருகிறது? தேய்த்துவிட்டு மறுநாளும் அடித்தேன். மட்டையில் இல்லை, படகில் இருக்கிறது. "உன்ட கைக்குச் சரிவரல்ல, விட்டுரு சாரீரம். கழுகு பாவம், ஒத்தக் கண்ணோட நிக்கிது" என்றார் நாநா. அவர்தான் ஏதாவது செய்கிறாரோ என்று நான் சந்தேகப்பட்டேன். அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கவில்லை, ஆனால் கேட்க வேண்டும். அதனால் நேற்று, மட்டையில் அடித்துப் பார்த்துவிட்டு, தொழப் போவதாகச் சொல்லி, கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வந்தது நாநா இல்லை. உம்மா. கையில் ஒரு சின்னப் போத்தல். படகின் முன்னால் நின்று, கண்ணை மூடி, ஏதோ ஓதி, விரல் நுனியை நனைத்து, அணியத்திலிருந்து பின்பக்கம் வரைக்கும் மெதுவாகத் தெளித்தார்.

"உம்மா!"

உம்மா திடுக்கிட்டு, "என்னடி, ஜின் மாதிரி நிக்கிறாய்?" என்றார்.

"என்ன உம்மா தெளிக்கிறீங்க?"

"ஒண்டுமில்ல. சம்சம். தம்பி மக்காவுக்கு உம்றா போய் வந்தப்ப கொண்டுவந்த தண்ணி. கொஞ்சம்தான் மிச்சம் இரிக்கி. ஒனக்கு நல்லா வரட்டும் எண்டு."

"எவ்வளவு நாளா?"

"முதல் நாள்ல இருந்து. நீ ஒவ்வொருக்காவும் அழுதுகிட்டு வாறாய். நான் தெளிக்கிறது காணாது எண்டு நினைச்சு கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டின."

பேசின் தண்ணீர் என்றால் கோபப்படலாம். சம்சம் தண்ணீரைப் பார்த்து "நீதான் பிரச்சினை" என்று எப்படிச் சொல்வது? எனாமல் எண்ணெய், அதற்கும் தண்ணீருக்கும் ஒத்துவராது என்று நான் சொல்லத் தொடங்கி, சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல், பாதியில் நிறுத்திவிட்டேன். உம்மா என் முகத்தையும் படகையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. போத்தலைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, "அப்ப நான்தானா?" என்று மிகவும் மெதுவாகக் கேட்டார். நான் "இல்ல உம்மா, கொம்பிரசரும்தான்" என்றேன். அது உண்மைதான், முதல் தடவை தும்மியது கொம்பிரசர்தான். உம்மா போய் அடுப்படியில் நெடுநேரம் வெங்காயம் உரித்தார். அன்றைக்குக் கறிக்கு அவ்வளவு வெங்காயம் தேவையில்லை. பிறகு வந்து, "துஆவ மட்டும் தூரத்துல நிண்டு கேக்கிறன். தண்ணிய ஒன்ட தலையில தெளிக்கிறன். அது எனாமல் இல்ல தானே?" என்றார். நான் குனிந்து கொடுத்தேன்.

இன்று பகல் கடைசிப் பூச்சு அடித்தேன். மேலே சாம்பல், நீர்மட்டத்துக்குக் கீழே சிவப்பு. ஒரு வட்டம்கூட இல்லை. வாப்பா கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "கடையில வாங்கின மாதிரி இரிக்கி" என்றார். நாநா வெளியே போய்த் திரீவீலரைத் துடைக்கத் தொடங்கினார். கழுகை அழித்தாரா என்று பார்க்கவில்லை. படகு காயும்வரை ஆரும் தொடக் கூடாது என்று எழுதி, சோற்று மூடியில் ஒட்டியிருக்கிறேன். ஆகவே மாமா, தண்ணீர்ப் பிரச்சினை முற்றாகத் தீர்ந்தது, எயார்பிரஷுக்கு உரியவர் ஆர் என்பதை நீங்கள் படகைப் பார்த்தே முடிவு செய்யலாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

வழியில் எந்தக் கரச்சலும் இல்லாமல் நீங்கள் வந்து சேரவும், உங்கள் மேசையில் எப்போதும் ஒரு படகு ஒட்டக் கிடைக்கவும் ரஹ்மான் அருள் புரிவானாக. வாப்பா, உம்மா, நாநா எல்லோரும் சலாம் சொல்கிறார்கள். நாநாவிடம் இன்னும் கேட்கவில்லை, ஆனால் சொல்வார்.

என்றும் உங்கள் மருமகள்,
மீராசாஹிப் சப்னா

பி.கு.: மேலே "முற்றாகத் தீர்ந்தது" என்று எழுதியதை வாசிக்க வேண்டாம். மஃரிப் தொழுதுவிட்டு வந்து பார்த்தேன். முன்னறை முழுவதும் புகை. வியாழன் மஃரிபோடு வெள்ளி இரவு தொடங்குவதால் உம்மா சாம்பிராணி போட்டிருக்கிறார். வழமையாக வீட்டைச் சுற்றிக் காட்டிவிட்டு வைத்துவிடுவார். இன்று சோற்று மூடியைத் தூக்கி, படகுக்குக் கீழேயே சட்டியை வைத்திருக்கிறார். "தண்ணிதானே வேணாம் எண்டாய்? புகையில ஈரம் இல்லயே! கெதியாக் காயட்டும் எண்டு வெச்ச" என்கிறார். காயாத எனாமலில் புகை முழுவதும் பிடித்துவிட்டது. சாம்பல் நிறம் கருவாட்டு நிறமாகி, சிவப்பில் கரிக் கோடுகள் ஓடி, மேல்தட்டில் சாம்பிராணித் தூள் துரு மாதிரி ஒட்டியிருக்கிறது. நாநா சிரிக்கத்தான் வந்தார். குனிந்து பார்த்தார். சிரிக்கவில்லை. "அடி, இப்பத்தான் கடலுக்குப் போய்வந்த போட் மாதிரி இரிக்கி" என்றார். அவர் உண்மையாகச் சொல்கிறாரா என்று கேட்பதற்குள் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மாமா, இன்று வியாழக்கிழமைதான்! உம்மா ஜன்னலால் பார்த்துவிட்டு, "யா அல்லாஹ், தம்பி! லைட்ட நூருங்க, எல்லா லைட்டையும் நூருங்க!" என்று ஓடினார். வாப்பா சுவிட்சுகளைத் தேடித் தேடி அமத்தினார். நான் மேசைக்குக் கீழே இருந்து எழுதுகிறேன், நாநா பக்கத்தில் ஃபோன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, "கெதியா எழுது. புகை போட்டது உம்மா, பெயின்ட் அடிச்சது நீ எண்டு தெளிவா எழுது. மாமா பிழையா விளங்கிறப் போறாரு" என்கிறார். வெளியே உங்கள் குரல் கேட்கிறது. "என்ன ராத்தா, இருட்டாக் கிடக்கு? கரண்ட் இல்லயா?" வாப்பா கதவுக்குப் பின்னால் நின்று, "ஓம் மச்சான், இப்பத்தான் போன" என்கிறார். பக்கத்து வீட்டில் டீவி சத்தமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் கதவைத் தள்ளுகிறீர்கள், நாநாவும் ஃபோனை அமத்தப் போகிறார். கரண்ட் இருக்கிறது, மாமா. லைட்டுகள் அணைக்கப்பட்டன.